தலைமைப் பயிற்சியும் தரையில் அமர்ந்தவர்களும்

தலைமைப் பண்புப் பயிற்சி இன்று நம்மிடையே பெருவழக்காகிவிட்டது. நிறுவனங்கள் நடத்துகின்றன, கல்லூரிகள் நடத்துகின்றன, பங்கு மண்டபங்களிலும் மேய்ப்புப்பணி நிலையங்களிலும் நாமே நடத்துகின்றோம். காலை 9 மணிக்கு இறைவேண்டல், 11 மணிக்குத் தேநீர், பின்னர் குழு விளையாட்டு, பிற்பகலில் "பரிவுள்ள தலைவர்", "அனைவரையும் அரவணைக்கும் தலைமை" என்னும் தலைப்புகளில் உரைகள், மாலையில் சான்றிதழும் குழுப்படமும். ஆளுமை வளர்ச்சி என்று அதற்குப் பெயர். பங்கேற்றோர் மனநிறைவுடன் வீடு திரும்புகின்றனர். நாமும் அவ்வாறு திரும்பியவர்களே. ஆதலின், வெளியே நின்று கல்லெறிகின்றோம் என்று எவரும் கருத வேண்டா.

கற்றுக்கொள்வதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் அம்மண்டபத்தில் அமர்ந்திருப்போர் யாவர் என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். மேலாளர், கண்காணிப்பாளர், தலைமையாசிரியர், தாளாளர், கடை உரிமையாளர், பங்குப்பேரவை உறுப்பினர். அவர்களிடம் வேலை செய்வோர் ஒருவரும் அங்கில்லை. இருந்தால் தேநீர் கொடுக்கும் பணியில் இருப்பார். பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து அந்தப் பணியாளரைத் தேடிச் சென்று, "உங்கள் மேலாளர் மாறியிருக்கின்றாரா?" என்று கேட்ட பயிற்சியாளர் ஒருவரையும் நாம் இதுவரை கண்டதில்லை. கேள்வித்தாள் கொடுப்பதுண்டு. ஆனால் அதுவும் பயிற்சி பெற்றவர் கையிலேயே கொடுக்கப்படுகிறது. உணவு எப்படி இருந்தது என்றும் அதில் ஒரு கேள்வி உண்டு.

பரிவு என்பது தலைவரின் உள்ளத்தில் ஊறும் உணர்வு என்று நமக்குக் கற்பிக்கப்படுகிறது. உணர்வு இருக்கட்டும், நல்லதே. ஆயினும் பணியிடத்தில் பரிவுக்கு ஒரே அளவுகோல்தான் உண்டு என்போம்: கீழே இருப்பவர் "இது சரியில்லை" என்று அச்சமின்றிச் சொல்ல முடிகிறதா, சொன்ன பின் அது மாறுகிறதா? இவ்விரண்டும் இல்லாதவிடத்துத் தலைவரின் மனவுருக்கம் அவர் அணிந்துகொள்ளும் நகைகளுள் ஒன்று.

நவீனப் பணியிடம் என்றவுடன் சென்னையின் பழைய மாமல்லபுரச் சாலைக் கண்ணாடிக் கட்டடங்களே பலர் கண்முன் தோன்றுகின்றன. நம் பண்ருட்டிப் பக்கத்துப் பணியிடம் வேறு. ஓடு வேய்ந்த கொட்டகை, சிமெண்டுத் தரை, அதன்மீது கொட்டிக் கிடக்கும் முந்திரிக்கொட்டை. பலாவும் முந்திரியும் நம் ஊருக்குப் பெயர் தந்தவை; 2025-ஆம் ஆண்டில் பண்ருட்டிப் பலாவுக்கும் பண்ருட்டி முந்திரிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. நாமும் மகிழ்ந்தோம். ஆனால் குறியீடு கிடைத்தது மண்ணுக்கும் மரத்துக்கும். உடைக்கும் கைக்கு என்ன கிடைத்தது என்பதைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை.

அந்தக் கையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முந்திரிக்கொட்டையின் ஓடு வெறும் கட்டையன்று. அதன் நடுவில் தேன்கூடு போன்ற அடுக்கு ஒன்று உண்டு. அதில் கருமையான எண்ணெய் நிறைந்திருக்கிறது. அந்த எண்ணெயிலுள்ள அனகார்டிக் அமிலமும் கார்டாலும் தோலைப் பொசுக்கும் தன்மை வாய்ந்தவை. வண்ணப்பூச்சுத் தொழிலுக்கும் வண்டிகளின் தடைக்கட்டைத் தொழிலுக்கும் அது விலைமதிப்புள்ள சரக்கு. உடைப்பவர் விரலுக்கோ அது புண். கொட்டையை வறுத்தோ ஆவியில் அவித்தோ எடுத்த பின்னும் எண்ணெய் முற்றிலும் போய்விடுவதில்லை. சாம்பலைப் பூசிக்கொண்டும், விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டும் பெண்கள் உடைக்கின்றனர். கையுறை மாட்டினால் வேலை வேகம் குறைகிறது. கிலோ கணக்கில் கூலி பெறுபவருக்கு வேகம் குறைந்தால் அன்றைய வரும்படி குறைகிறது. "நாங்கள் கையுறை கொடுத்தோம், அவர்கள்தாம் மாட்டுவதில்லை" என்று சொல்லும் உரிமையாளர் பொய் சொல்லவில்லை. அவர் கொடுத்த கூலிமுறையே அந்தக் கையுறையைக் கழற்றச் செய்கிறது என்பதை மட்டும் அவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

உடைத்த பருப்பை உலர்த்தி, மெல்லிய தோலை உரித்து, பின் தரம் பிரிப்பார்கள். 180, 210, 240, 320 என்று எண்கள் உண்டு. ஒரு பவுண்டு எடைக்கு ஏறத்தாழ எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதே அவ்வெண். ஒவ்வொரு பருப்புக்கும் இத்தனை நுணுக்கமாகக் கணக்கு வைத்திருக்கும் தொழில் இது. ஞாயிற்றுக்கிழமை திருப்பலியில் நற்கருணை வாங்க நீளும் கைகளில் முந்திரி எண்ணெயின் கறையை நாம் அனைவரும் பார்த்திருக்கின்றோம். அடுத்த கை அந்தக் களத்தின் உரிமையாளருடையதாகவும் இருந்திருக்கலாம். இரண்டு கைகளிலும் ஆண்டவர் ஒரே வகையாகத்தான் வந்து அமர்கிறார். கோயிலைவிட்டு இறங்கியதும் அவ்விரண்டு கைகளும் வேறு வேறாகிவிடுகின்றன.

அனைவரையும் உள்ளடக்கும் தலைமை என்று பேசுவோர் களத்துக்குள் யார் எங்கே அமர்கின்றனர் என்பதையும் பார்க்க வேண்டும். கேரளத்து முந்திரித் தொழிலாளரைப் பற்றி அன்னா லிண்ட்பெர்க் என்னும் சுவீடன் நாட்டு ஆய்வாளர் 2001-ஆம் ஆண்டில் விரிவான ஆய்வொன்றை வெளியிட்டார். கைபொசுங்கும் உடைத்தல் வேலையில் பெரும்பாலும் தலித் பெண்களே இருந்தனர் என்பதையும், துப்புரவான தரம் பிரித்தல் வேலை சாதியில் மேலோராகக் கருதப்பட்ட பெண்களுக்கு ஒதுங்கியது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். எந்தச் சட்டமும் அவ்வாறு பிரிக்கச் சொல்லவில்லை. எந்த முதலாளியும் பலகையில் எழுதி வைக்கவில்லை. அது தானாகவே அமைந்தது போல அமைந்தது. நம் ஊர்க் களங்களில் நிலைமை எப்படி என்று வாசகர்களே சென்று பார்க்கலாம், வெகுதூரம் இல்லை.

பணியிடத்தில் யார் எங்கே அமர்கிறார் என்பதும் கோயிலில் யார் எங்கே அமர்ந்து வந்தார் என்பதும் தனித்தனிக் கதைகள் அல்ல. நம் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் எறையூரில், தலித் கிறிஸ்தவர் தனிப்பங்கு கேட்ட சிக்கலில் 2008-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மூண்ட கலவரத்தையும், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போனதையும் நாம் மறந்திருக்க முடியாது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2003 நவம்பரில், சென்னை-மயிலை, மதுரை, புதுவை-கடலூர் ஆகிய மறைமாநிலங்களின் ஆயர்கள் உரோமைக்குச் சென்றிருந்தபோது, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் சாதிப் பிரிவினையை அவர்கள் முன்னிலையிலேயே கண்டித்தார். இந்திய ஆயர் பேரவை 2016-இல் தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. ஏட்டில் நமக்குக் குறைவில்லை. இத்தனைக்கும் பிறகு, பயிற்சி மண்டபத்தில் "பன்மைத்தன்மை" என்னும் தலைப்பில் பேசுபவர் ஒருமுறையேனும் சாதி என்னும் சொல்லை வாய்விட்டுச் சொல்கின்றாரா? மொழி வேறுபாடு, தலைமுறை வேறுபாடு, மனப்போக்கு வேறுபாடு எல்லாவற்றையும் படம் வரைந்து விளக்குகின்றார். எரியும் வீட்டில் நின்றுகொண்டு சன்னல் திரையின் நிறத்தைப் பற்றிப் பேசுவதா பரிவு?

கடைத்தெருவுக்குச் செல்வோம். துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் காலை முதல் இரவு வரை நின்றே வேலை செய்யும் பெண்களை அறியாதார் இல்லை. வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் அமரக்கூடாது; சுவரில் சாயக்கூடாது. கேரளத்தில் கோழிக்கோட்டைச் சேர்ந்த விஜி என்னும் தையல் தொழிலாளி, "பெண்கூட்டு" என்னும் அமைப்பின் வழியாக, கடைப் பெண்களுக்கு முதலில் கழிப்பறையும் பின்னர் அமரும் உரிமையும் கேட்டுப் போராடினார். தண்ணீர் குடித்தால் கழிப்பறை தேட வேண்டுமே என்று தாகத்தை அடக்கிக்கொண்டவர்கள் அப்பெண்கள். 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டு, பணியாளர் அனைவருக்கும் இருக்கை வேண்டும் என்று ஆயிற்று.

ஒரு நாற்காலிக்காகச் சட்டமன்றம் கூட வேண்டியதாயிற்று என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மேலாண்மைப் பட்டம் பெற்றோர் எத்தனை ஆயிரம் பேர் அக்கடைகளை நடத்தினர்! அவர்களுள் எத்தனை பேர் தலைமைப் பயிற்சி பெற்றிருப்பர்! கால் வீங்கி நின்ற பெண்ணுக்கு ஒரு முக்காலி போடத் தோன்றவில்லை. தோன்றியது ஒரு தையல் தொழிலாளிக்கு. நம் கத்தோலிக்கக் கடைக்காரர்கள் இதில் விதிவிலக்காக இருந்தார்கள் என்று சொல்ல நமக்கு ஆசைதான். சட்டம் வந்த பின்னும் நாற்காலி ஒரு மூலையில் கிடக்க, பெண் நின்றுகொண்டே இருக்கும் கடைகளை நாம் கண்டிருக்கின்றோம். அமர்ந்தால் யாரேனும் முகம் சுளிப்பார் என்னும் அச்சம் நாற்காலியைவிடப் பெரிதாக அங்கே நின்றுகொண்டிருக்கிறது.

2023 ஏப்ரலில், ஒரு நாள் வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க இடம் தரும் தொழிற்சாலைகள் சட்டத்திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே முதல் நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் தொழிலாளரான புனித சூசையப்பருக்கென ஏற்படுத்திய திருநாளும் அதுவே. அந்தப் பத்து நாட்களில் நம் பொதுநிலையினர் அமைப்புகளுள் எத்தனை வாய் திறந்தன என்பதை அவரவர் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்க.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். இங்கேதான் பேச்சுக் கடுமையாகிறது.

"நாம் எல்லாரும் ஒரு குடும்பம்." நம் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் இச்சொல்லைக் கேளாத பணியாளர் இல்லை. கிறிஸ்து பிறப்பு விழாவில் கேக்கு வெட்டும்போது சொல்லப்படுகிறது. ஊதிய உயர்வு கேட்கும்போதும் அதே சொல் சொல்லப்படுகிறது. குடும்பத்தில் பணிநியமன ஆணை எதற்கு? குடும்பத்தில் வைப்பு நிதி எதற்கு? குடும்பத்தில் யாரேனும் கணக்குப் பார்ப்பார்களா? இருபது ஆண்டுகள் விடுதியில் சமைத்த பெண் முதுமையில் வெறுங்கையுடன் வெளியேறும்போது அந்தக் குடும்பம் வாசல்வரை வந்து வழியனுப்புகிறது. ஒரு செபமாலையும் கொடுக்கிறது. கொடுப்பவரின் கண்ணில் நீர் இருக்கிறது என்பதையும் நாம் மறுக்கவில்லை. அந்தக் கண்ணீர் உண்மையானதே. ஆயினும் கண்ணீரைக் கொடுத்துக் கடனைத் தீர்க்க முடியாது.

இது நம் சொந்தச் சரக்கன்று. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலில், தொழிலாளி தன் வறுமையால் ஒப்புக்கொண்டுவிட்டான் என்பதனால் மட்டும் குறைந்த கூலி நியாயமாகிவிடாது என்றார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பதினோராம் பத்திநாதர், நீதியாகத் தர வேண்டியதைத் தராமல் வைத்துக்கொண்டு அவ்விடத்தை அறச்செயலால் நிரப்ப முடியாது என்னும் கருத்தை வலியுறுத்தினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் பொதுநிலையினர் பணி பற்றிய ஏட்டில் இதையே மீண்டும் சொன்னது. 1971-இல் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றம் இன்னும் ஒரு படி சென்றது: நீதியைப் பற்றி உலகுக்குப் போதிக்கும் திருச்சபை முதலில் தன் பணியாளரிடத்தில் நீதியுடன் நடக்க வேண்டும்; அவர்களுக்குப் போதிய ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வேண்டும் என்றது. அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. தலைமைப் பயிற்சிகளில் அமெரிக்க நூல்களின் பெயரெல்லாம் கேட்கின்றோம். இந்த ஏட்டின் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

தனியார் பள்ளி ஆசிரியருக்குப் பணிக்கொடை உண்டு என்று நாடாளுமன்றம் 2009-இல் சட்டம் திருத்தியது. அதை எதிர்த்துப் பள்ளி நிர்வாகங்கள் உச்சநீதிமன்றம் வரை சென்று 2022-இல் தோற்றன. கற்பித்தோருக்குக் கைம்மாறு கொடுக்காதிருக்கப் பதின்மூன்று ஆண்டுகள்! அவ்வழக்கில் நாம் இருந்தோமா இல்லையா என்பதைவிட, தீர்ப்பு வந்த நாளில் நம் நிர்வாகிகள் மகிழ்ந்தனரா வருந்தினரா என்பதே நம் கேள்வி.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு. அதை நாம் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. சிறு முந்திரி உரிமையாளர் ஒருவர் நம்மிடம் இவ்வாறு கேட்கலாம்: "வியட்நாம் இயந்திரம் வைத்து உடைக்கிறது, 2006-லேயே அது பருப்பு ஏற்றுமதியில் நம்மை முந்திவிட்டது. கொட்டை ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. விலையை நான் முடிவு செய்வதில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் எங்கள் முந்திரிக் காடுகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. மறுபடி நட்ட மரம் காய்க்க எத்தனை ஆண்டு ஆயிற்று! வட்டி கட்டுவது நான். நீங்கள் எழுதிவிட்டுப் போய்விடுவீர்கள்." அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பெரிய கையில் சிறிய கை நசுங்குகிறது. சிறிய கையில் அதைவிடச் சிறிய கை நசுங்குகிறது. கூலியை இரட்டிப்பாக்குக என்று அவரிடம் நாம் சொல்லப்போவதில்லை.

ஆனால் தராசை அவர் திருப்பி வைக்கலாம். கிலோ கணக்கில் கூலி பெறும் பெண், தான் உடைத்ததன் எடை என்ன என்பதைத் தன் கண்ணால் பார்க்கும்படி தராசின் முகத்தை அவள் பக்கம் திருப்ப எவ்வளவு செலவாகும்? உடைந்த பருப்புக்கு எவ்வளவு கழிக்கப்படுகிறது என்பதைச் சுவரில் எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்? தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, கை கழுவச் சவர்க்காரம், புண்ணுக்கு எண்ணெய், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அரைநாள் விடுப்பு. இவற்றால் எந்தத் தொழிலும் வியட்நாமிடம் தோற்றதாகக் கேள்விப்பட்டதில்லை. இவற்றைச் செய்ய மனம் தடுப்பது பணத்தால் அன்று. தராசைத் திருப்பினால் அவள் கேள்வி கேட்பாள். கேள்வி கேட்பவளை எதிர்கொள்ளும் அளவுக்கு நாம் இன்னும் வளரவில்லை. ஆளுமை வளர்ச்சி தேவைப்படுவது இங்கேதான். பயிற்சி மண்டபத்து விளையாட்டுகளில் அது கிடைப்பதில்லை.

திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் இயலைப் பலமுறை வாசித்திருக்கின்றோம். திருத்தொண்டர் பணியின் தொடக்கம் என்று மறைக்கல்வியில் படித்திருக்கின்றோம். அதில் நாம் கவனியாத செய்தி ஒன்று உண்டு. அன்றாட உணவுப் பங்கீட்டில் தங்கள் கைம்பெண்கள் புறக்கணிக்கப்படுகின்றனர் என்று கிரேக்க மொழி பேசியோர் முறையிட்டனர். முறையிட்டோர் சிறுபான்மையினர்; பங்கீடு செய்தோர் எபிரேயம் பேசியோர். "நாம் எல்லாரும் ஒரு குடும்பம்" என்று சொல்ல அன்று திருத்தூதருக்கு இருந்த உரிமை வேறு யாருக்கும் இருந்ததில்லை. அவர்கள் அதைச் சொல்லவில்லை. எழுவரைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த எழுவரின் பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்ட பக்கத்தாரிடமே பங்கீட்டு அதிகாரம் ஒப்படைக்கப்பட்டதாகவே மறைநூல் அறிஞர் பலர் இதைக் கொள்கின்றனர். இரண்டு பேரைப் பெயருக்குச் சேர்த்துக்கொண்டு ஐந்து பேரைத் தம் பக்கம் வைத்துக்கொள்ளும் நம் பேரவைத் தந்திரம் அவர்களுக்குத் தெரியவில்லை போலும்.

2021 முதல் 2024 வரை உலகத் திருச்சபை முழுவதும் ஆயர் மாமன்றத்துக்காகப் பங்குதோறும் மக்களின் கருத்துக் கேட்கப்பட்டது. நம் பங்குகளிலும் தாள்கள் வந்தன, நாமே நிரப்பினோம். முந்திரி உடைக்கும் பெண்ணின் கருத்தையும் நாமே எழுதினோம், அவளுக்கு நேரமில்லை என்று காரணம் காட்டி. உண்மையில் நாம் கூட்டம் வைத்தது வேலைநாளின் பிற்பகலில்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த தலைமைப் பயிற்சிக்கு அழைப்பிதழ் அச்சிடும்முன், பேச்சாளர் பட்டியலில் களத்துப் பெண்கள் இருவரையும், பள்ளியின் துப்புரவுப் பணியாளர் ஒருவரையும், துணிக்கடையில் நிற்பவர் ஒருவரையும் சேர்க்க வேண்டும். அன்றைய கூலியை அவர்களுக்குக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். உரிமையாளரும் தாளாளரும் அன்று கேட்பவராக மட்டும் அமர வேண்டும். பேசியவருக்கு அதன்பின் எந்தத் தொல்லையும் நேராது என்று பங்குத்தந்தை முன்னிலையில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதியதைப் பேரவை ஆறு மாதம் கழித்துச் சரிபார்க்க வேண்டும்.

இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது, "அவர்களுக்கு மேடையில் பேசத் தெரியாதே" என்றார் ஒருவர். களத்தின் வேலிப்பக்கம் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். காலை முதல் அங்கே பேச்சும் சிரிப்பும் வழக்கும் ஓய்வதில்லை. உரிமையாளரின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டவுடன்தான் அது நிற்கிறது.